கட்டைக் கணக்கு

1934 ஜூன் 12, செவ்வாய். ஜொகூர் பாரு

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து எறும்பு ஊர்வது போலப் போகிறது. என் சம்சாரம் வெள்ளையம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இப்படி எழுதுறதுக்கு எழுதாமலே இருக்கலாம்" என்றாள். இருக்க முடியவில்லையே. நாளெல்லாம் படுத்துக் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

போன வெள்ளிக்கிழமை காலையில் காரைக் கிளப்பும்போது ஹேண்டில் திருப்பி அடித்துவிட்டது. வண்டிக்கு முன்னால் மாட்டி ஏழு வருஷமாக நான் சுற்றுகிற ஹேண்டில். கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காதே என்று வாடகைக் கார் ஸ்டாண்டில் எல்லோருக்கும் சொல்கிறவனும் நான்தான். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. சீனர் கடைத்தெருவில் எலும்பு கட்டுகிற சின்சே பச்சிலை வைத்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறார். மூன்று மாதம் வண்டியைத் தொடக் கூடாதாம்.

இனி வண்டி முழுக்க என் கூட்டாளி ருக்னுதீன் கையில். காலையில் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தான். "அண்ணே, நீங்க பேசாம படுங்க. ரெண்டு பேருக்கும் சேத்து நான் ஓட்டுறேன்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கைவலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜூன் 21, வியாழன்

மைல் மீட்டர் செத்துவிட்டது. ஸ்கூடாய்ப் பக்கம் போகும்போது உள்ளே ஏதோ நொறுங்குகிற சத்தம் கேட்டதாம், அதோடு நம்பர் நகரவில்லையாம். மீட்டர் பார்ப்பது எப்போதும் என் வேலை. ருக்னுதீன் ரோட்டைத்தான் பார்ப்பான். அவனே கவனித்துச் சொல்கிறான் என்றால் நொறுங்கியது பலமாகத்தான் இருக்க வேண்டும்.

மீட்டர் இல்லாமல் எங்களுக்கு ஆகாது. ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய வண்டி. எண்ணெய் மாற்றுவது, டயர் மாற்றுவது, பங்கு பிரிப்பது எல்லாம் மைலை வைத்துத்தான். பட்டறை முதலாளி, சீனத் தவுக்கேயிடம் விடச் சொன்னேன். புதிதாக வாங்க வேண்டாம், பழையது ஏதாவது இருந்தால் போடச் சொல் என்றேன். இந்த நிலைமையில் புதியதற்கு எங்கே போவது?

ஜூன் 23, சனி

வேறு மீட்டர் போட்டாகிவிட்டது. தவுக்கே அதில் பழைய நம்பரையே திருப்பி வைத்துக் கொடுத்திருக்கிறார், விட்ட இடத்திலிருந்து ஓடட்டும் என்று.

பழைய மீட்டரை ருக்னுதீன் கேட்டு வாங்கி, சீனப் பத்திரிகையில் சுற்றி எனக்காகக் கொண்டுவந்தான். "உங்க கண்ணு அதுமேலதான இருக்கும், வெச்சுக்குங்க" என்றான். கண்ணாடி கீறிப் போயிருக்கிறது. மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இருபத்தேழாம் வருஷம் வண்டி வாங்கிய அன்று வேறெங்கும் போகவில்லை. நேரே கடல் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் போனோம். முன்னால் நாங்கள் இருவரும், பின்னால் வெள்ளையம்மாவும் ருக்னுதீன் சம்சாரம் ஹபீபாவும். அந்தப் பக்கம் இறங்கி ஆளுக்கு ஒரு கிளாஸ் கலர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தோம். வேறு காரியம் ஒன்றும் இல்லை. பாலத்தின் நடுவில் வெள்ளையம்மாவுக்கு வாந்தி வந்தது. ஹபீபா தன் முந்தானையிலேயே பிடித்துக்கொண்டாள், வண்டி புதுசு, சீட் கெட்டுவிடக் கூடாது என்று! அதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் சிரிப்பார்கள்.

ஜூலை 8, ஞாயிறு

மழை. கை உள்ளே அரிக்கிறது. பத்தைக்குள் பனையோலை ஈர்க்கை விட்டுச் சொறிந்து வெள்ளையம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

ஜூலை 22, ஞாயிறு

எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

சாயங்காலம் ருக்னுதீன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் நான் போய் மீட்டரைப் பார்ப்பது வழக்கம். சும்மா கிடக்கிறவனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு? போன வாரம் பொந்தியானுக்கு மூன்று தடவை, செடெனாக் தோட்டத்துக்கு ஒரு தடவை என்று சொன்னான். பொந்தியானுக்குப் போய்வர எத்தனை மைல் என்று எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். கூட்டிப் பார்த்தேன். மீட்டரில் அதற்குமேல் கிட்டத்தட்ட இன்னும் ஒரு பொந்தியான் ஓடியிருக்கிறது.

முந்தின வாரமும் அப்படித்தான்.

எங்கேயாவது சொந்த வேலையாகப் போயிருப்பான். போனால் என்ன? ஆனால் சொல்லலாமே. சொல்லாமல் ஏன் போக வேண்டும்?

ஜூலை 29, ஞாயிறு

ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போனேன். காளியப்பன் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கையைப் பற்றி விசாரித்துவிட்டு, "உங்க பாய்க்கு இப்ப நல்ல ஓட்டம்ணே. நிக்க நேரமில்ல அவருக்கு" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் கூடவே வந்தது.

இந்த வாரமும் கூடத்தான் காட்டுகிறது.

வெள்ளையம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "யாரு, தம்பியா? நம்ம அடுப்படி வரைக்கும் வந்து போற மனுசன். ஒரு கடுகு குறைஞ்சிருக்குமா இந்த வீட்ல? உங்களுக்குக் கை மட்டுந்தான் ஒடிஞ்சுதுன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவளுக்கு என்ன தெரியும்? நம்பர் பொய் சொல்லுமா?

ஆகஸ்ட் 3, வெள்ளி

கேட்டுவிட்டேன்.

ஜும்மா தொழுதுவிட்டு நேரே இங்கே சாப்பிட வந்தான். வெள்ளிக்கிழமைகளில் அதுதான் வழக்கம். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அந்த நேரத்தில் ஏன் வாயைத் திறந்தேன்?

"தம்பி, மீட்டருக்கும் நீ சொல்ற ஓட்டத்துக்கும் கொஞ்சம் ஒத்து வரலயே."

கை நின்றது. "என்னண்ணே சொல்றீங்க?"

"வாரத்துக்கு ஒரு பொந்தியான் கூட வருது. மறந்திருப்பியோன்னுதான்…"

மறந்திருப்பியோ! எவ்வளவு நாசூக்கு எனக்கு!

என்னையே பார்த்தான். கோபம் இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதோடு போயிருக்கும். மெதுவாகத்தான் கேட்டான்: "மீட்டர் ஒண்ணு சொல்லுது. நான் ஒண்ணு சொல்றேன். நீங்க அத எடுத்துக்கிட்டீங்க. அவ்வளவுதானே அண்ணே?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

எழுந்து கை கழுவினான். வெளியே போய் வண்டியிலிருந்து ஹேண்டிலை எடுத்துவந்து கதவோரம் சாத்தி வைத்தான். "வரேன் அண்ணி" என்றான். என்னிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, சனி

வரவில்லை.

ஆகஸ்ட் 6, திங்கள்

வரவில்லை. வண்டி மரத்தடியில் நிற்கிறது. சருகு விழுந்து மூடிக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

ஸ்டாண்டில் இருந்து இன்னொரு டிரைவர் வேலு வந்து சொன்னான். ருக்னுதீன் வீட்டைக் காலிசெய்துகொண்டு பொந்தியானுக்குப் போய்விட்டானாம். ஹபீபாவின் அண்ணன் நஜ்முதீன் அங்கே படகுத்துறைப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அங்கே வேலையாம். வேலு என்னை நேராகப் பார்க்காமல் பேசினான். ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்திருக்கிறது.

அவனை முதலில் எங்கே பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பாலம் கட்டுவதற்கு முன்னால். சிங்கப்பூர் போக எல்லோரும் ஃபெர்ரி ஏற வேண்டிய காலம். நான் துறையில் கைவண்டி இழுத்துக்கொண்டிருந்தேன். அவன் ஊரிலிருந்து வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மாமன் கொடுத்த தகரப் பெட்டியோடு யாரோ வருவார்கள் என்று நின்றுகொண்டிருந்தான். வருகிறவர் வரவே இல்லை. இருட்டுகிற நேரம் பெட்டியை என் வண்டியில் ஏற்று என்றேன். "காசு இல்ல அண்ணே" என்றான். அன்று ஆரம்பித்த அண்ணே.

இருவரும் சேர்ந்துதான் வண்டி ஓட்டப் பழகினோம். அரண்மனைப் பக்கம் வேலை பார்த்த ஒரு மலாய் டிரைவர் சொல்லிக் கொடுத்தார். முன்னால் போகச் சொன்னால் ருக்னுதீன் பின்னால் போய்ச் சாக்கடையில் இறக்கிவிட்டான். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு கிடக்க, உள்ளே அவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஓட்டட்டுமா சேகு?" என்று தன் வாத்தியாரைக் கேட்டான். அந்த மலாய்க்காரர் ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

அப்புறம் பொந்தியான் ரோடு. இரண்டு பக்கமும் அன்னாசித் தோட்டம், நெருப்பு வைத்துத் திருத்திய புதுநிலத்தின் வாசனை. அவன் ஓட்ட நான் பக்கத்தில். நான் ஓட்ட அவன் பக்கத்தில். ஆள் கிடைக்காத நாட்களிலும் சும்மா பேசிக்கொண்டே போய்வந்திருக்கிறோம். அதற்கெல்லாம் யார் மைல் பார்த்தார்கள்?

இத்தனையும் எங்கே போயிருந்தது, அன்றைக்கு வெள்ளிக்கிழமை?

செப்டம்பர் 10, திங்கள்

கட்டு அவிழ்த்தார் சின்சே. கை மெலிந்து, வெளுத்து, வேறு யாருடையதோ போல இருக்கிறது. வளையம் பிடிக்கலாம். ஹேண்டில் சுற்ற வலு இல்லை. ஸ்டாண்டில் வேலு சுற்றிக் கிளப்பித் தருவதாகச் சொன்னான்.

செப்டம்பர் 18, செவ்வாய்

படுக்கப் போகாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்று செடெனாக் தோட்டத்துக்கு ஆள் கிடைத்தது. தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணியும் அவர் மனைவியும், மடியில் பிள்ளை. மூன்று மாதத்துக்கு அப்புறம் ரோட்டில் ஏறுகிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ரோட்டோரத்து மைல் கல்லையெல்லாம் பழைய சிநேகிதர்களைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே போனேன். எங்கள் ஆட்கள் கல் என்று சொல்வதில்லை, கட்டை. நாலாம் கட்டை, ஏழாம் கட்டை என்பதுதான் இங்கே ஊருக்கே பெயர்.

ஸ்கூடாயில் பத்தாம் கட்டை. பழக்கதோஷத்தில் கண் மீட்டருக்குப் போயிற்று. புறப்பட்டதிலிருந்து பன்னிரண்டு மைல் காட்டியது.

புறப்படும்போது நம்பரைத் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று நினைத்தேன். சரி, இங்கிருந்து புதிதாகப் பார்க்கலாம். குளாய் தாண்டி இருபதாம் கட்டையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். கிராணி, "என்னங்க, ரிப்பேரா?" என்று கேட்டார்.

மறுபடியும் பன்னிரண்டு. பத்துக் கட்டைக்குப் பன்னிரண்டு மைல்.

திரும்பி வரும்போதும் பார்த்தேன். ஒவ்வொரு பத்துக் கட்டைக்கும் பன்னிரண்டு. வாரம் நாலு ஓட்டத்துக்கு, போகாத ஒரு பொந்தியானைக் கிட்டத்தட்ட முழுசாகத் தானே சேர்த்துக் காட்டியிருக்கிறது இந்தச் சனியன்.

அவன் எங்கேயும் போகவில்லை. சொன்ன இடத்துக்குத்தான் போனான். சொன்னதைத்தான் செய்தான்.

செப்டம்பர் 19, புதன்

தவுக்கேயிடம் போனேன். குனிந்து பார்த்துவிட்டு, மலாயில் சாவகாசமாகச் சொன்னார். அந்த மீட்டர் உடைந்த லாரியில் இருந்து கழற்றியதாம். லாரிச் சக்கரம் பெரியது, மெதுவாகச் சுற்றும். கார்ச் சக்கரம் சின்னது, அதே தூரத்துக்கு அதிகமாகச் சுற்றும். லாரி மீட்டருக்கு அது தெரியாது. அதிகம் சுற்றினால் அதிகம் ஓடியதாக எண்ணிக்கொள்ளும். உள்ளே பல்சக்கரம் மாற்றினால்தான் சரியாகும், அது சிங்கப்பூரில் தேட வேண்டும்.

"அன்னிக்கே ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"கொஞ்சந்தான் வித்தியாசம் லா. மீட்டர்தானே, யார் பாக்கப் போறாங்க?" என்றார்.

நான் பார்த்தேனே தவுக்கே. நான் ஒருத்தன் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேனே.

செப்டம்பர் 30, ஞாயிறு

வெள்ளையம்மா இன்று நேராகவே கேட்டாள். "எப்பப் போறீங்க பொந்தியானுக்கு?"

"மீட்டருக்குப் பல்சக்கரம் வரட்டும்" என்றேன்.

"அது எதுக்கு?"

பயமாக இருக்கிறது என்று சொல்ல முடியுமா அவளிடம்? அவளுக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறாள்.

அக்டோபர் 14, ஞாயிறு

போய்வந்தேன். ஒன்றையும் விடாமல் எழுதிவிட வேண்டும்.

வேலு வண்டியைக் கிளப்பித் தந்தான். தனியாகவே போனேன். துறைப்பக்கம் நஜ்முதீன் கடை. வாசலில் கல் போட்டு ருக்னுதீன் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான். வண்டிச் சத்தம் கேட்டே நிமிர்ந்துவிட்டான். எங்கள் வண்டிச் சத்தம் அவனுக்குத் தெரியாதா?

இளைத்திருந்தான். கை முழுக்கச் சுட்ட கொப்புளம். என்னைப் பார்த்து, "உக்காருங்கண்ணே" என்றான். கடைக்கு வருகிற யாருக்கும் சொல்கிற மாதிரிதான்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதைக் கொட்டினேன். லாரி மீட்டர், பத்துக் கட்டைக்குப் பன்னிரண்டு மைல், தவுக்கே சொன்னது எல்லாம். "தப்பு மீட்டர் மேலதான் தம்பி. வா, வந்து வண்டியில உக்காரு. கட்டைக்குக் கட்டை ஓட்டிக் காட்டுறேன். நீயே பாரு."

ரொட்டியைத் திருப்பிப் போட்டான். "எதக் காட்டப் போறீங்க? நான் போகாத எடத்துக்கு நான் போகலன்னா? அது எனக்குத் தெரியாதாண்ணே?"



அடுத்த ரொட்டியைக் கல்லில் போட்டுக்கொண்டே கேட்டான். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பத்துக் கட்டைக்குப் பத்துன்னு மீட்டர் சரியாக் காட்டி, கணக்கு மட்டும் எப்படியோ இடிச்சிருந்தா? இன்னிக்கு வந்திருப்பீங்களா?"

வந்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. "தெரியல தம்பி" என்றேன். "சத்தியமாத் தெரியல. ஆனா அன்னிக்கு நீ சொன்னத எடுத்துக்கிட்டிருக்கணும். அது இப்பத் தெரியுது."

தலையாட்டினான். சரி என்றா, போதும் என்றா? ஒன்றும் பிடிபடவில்லை. உள்ளே போய்விட்டான்.

ஹபீபாதான் டீ கொண்டுவந்து வைத்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அண்ணே, நீங்க வந்தது நல்லது. இவரு ரெண்டு மாசமா எந்தக் கார் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு வந்து பாத்துட்டுப் போறாரு. கேட்டா ஒண்ணும் இல்லங்கறாரு. இன்னிக்கு உங்கமேல கோவப்பட்டாரா?"

"இல்லம்மா."

"படுவாரு. பட்டாத்தான் நல்லது" என்றாள்.

டீயைப் பாதியில் வைத்தேன். எழுந்து வந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது, வண்டியை யார் கிளப்புவது? அங்கே எனக்கு யாரையும் தெரியாது. மழை வேறு பிடித்துக்கொண்டது. ஹேண்டிலை மாட்டி இடது கையால் ஒரு சுற்று, வலது கையால் ஒரு சுற்று. கண்ணில் பூச்சி பறந்தது. மூன்றாவது தடவை யாரோ என் தோளைப் பிடித்து நகர்த்தினார்கள்.

ருக்னுதீன். மாவுக் கையோடு வந்திருந்தான். கட்டைவிரலை மடக்காமல் ஒரே இழுப்பு. வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. ஹேண்டிலைக் கழற்றி என் சீட்டுக்கு அடியில் வைத்தான். கதவைச் சாத்தினான். கடைக் கூரைக்கடியில் போய் நின்றுகொண்டான்.

அன்னாசித் தோட்டம் தாண்டுகிற வரைக்கும் எனக்கு ரோடு தெரியவில்லை. மழையால் என்று வைத்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 27, சனி

தவுக்கே ஆள் அனுப்பிப் பார்த்தாராம். பல்சக்கரம் சிங்கப்பூரில் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் போகட்டும்.

நவம்பர் 8, வியாழன்

தீபாவளி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. வெள்ளையம்மா முறுக்கு சுட்டு, ஒரு டின் நிறையப் போட்டு, வேலு பொந்தியான் போகும்போது கொடுத்தனுப்பினாள். வருஷா வருஷம் அந்த டின் அவர்கள் வீட்டுக்குப் போகும். டின் திரும்பி வரவில்லை.

நவம்பர் 21, புதன்

காலையில் ஸ்டாண்டுக்கு ஆள் வந்து குளாய்க்குக் கூப்பிட்டார். வேலுவைக் கத்திக் கூப்பிட்டுவிட்டு நான் வளையத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முன்னால் யாரோ குனிந்தார்கள், வண்டி கிளம்பியது. தலை நிமிர்ந்தது, வேலு இல்லை. ருக்னுதீன். கையில் முறுக்கு டின்.

பொந்தியானிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறான்.

"அந்தக் கல்லுகிட்ட என்னால நிக்க முடியலண்ணே" என்றான். "மச்சானுக்கும் தாங்கல. நான் சுடுற ரொட்டிய நாய் கூட மோந்து பாத்துட்டுப் போவுதாம். தள்ளி உக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தேன். அவன்தான் ஓட்டினான். போகிற வழியெல்லாம் குளாய்க்காரர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

நவம்பர் 28, புதன்

வந்துவிட்டான். பழைய வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்து ஹபீபாவையும் கூட்டிவந்துவிட்டான். ஒரு நாள் அவன், ஒரு நாள் நான். எல்லாம் முன்னைப் போலத்தான்.

இல்லை, முன்னைப் போல இல்லை. சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் வாசலிலேயே நின்றுகொண்டு உரக்கச் சொல்கிறான். "பொந்தியான் ஒரு தடவ. மீட்டர் தொண்ணூத்தொண்ணு காட்டுது. கட்டைக் கணக்கு எழுவத்தாறு." சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருகிறான். தன் முறை வருகிற நாளெல்லாம்.

டிசம்பர் 5, புதன்

"வேண்டாம் தம்பி, அதச் சொல்லாத" என்றேன். "பரவால்லண்ணே, சொன்னா உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றான். முகத்தில் குத்தல் எதுவும் தெரியவில்லை. குத்தியிருந்தால் தேவலை.

டிசம்பர் 20, வியாழன்

நோன்பு மாதம். பகலில் பெரும்பாலும் நானே ஓட்டுகிறேன், அவன் சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விடட்டும் என்று. மழையும் விடவில்லை. இன்று அவன் ஓட்டியது ஸ்கூடாய் வரை ஒரே ஒரு தடவை. அதற்கும் மீட்டர் இவ்வளவு, கட்டை இவ்வளவு.

மீட்டரைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று தவுக்கேயிடம் கிளம்பினேன். வெள்ளையம்மா தடுத்தாள். "எறிஞ்சா மட்டும்? அவரு சொல்லணும்னு இருக்கற வரைக்கும் சொல்லட்டும். நீங்க கேட்டுக்கிட்டே இருங்க" என்றாள்.

கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

1935 ஜனவரி 8, செவ்வாய்

பெருநாள் சாப்பாடு ஹபீபா வீட்டில். வெள்ளையம்மாவுக்கென்று தனியாகச் சைவம் சமைத்திருந்தாள், தனிச் சட்டியில், தனிக் கரண்டியோடு. இரண்டு பேரும் மறுபடி அந்தப் பாலத்துக் கதையை எடுத்துச் சிரித்தார்கள். ருக்னுதீனும் சிரித்தான். என்னைப் பார்த்துச் சிரித்தானா என்று கவனித்தேன். தெரியவில்லை.

ஜனவரி 17, வியாழன்

ருக்னுதீன் முறை. சாயங்காலம் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. உள்ளே நுழையும்போதே சிரித்துக்கொண்டு வந்தான். பொந்தியானிலிருந்து ஒரு சீனக் கிழவர் கூடை நிறைய வாத்து ஏற்றிக்கொண்டு வந்தாராம். வழியில் கூடை பிரிந்துவிட்டது. ஒரு வாத்து இவன் மடியில் ஏறி வளையத்தில் கழுத்தை நுழைத்துக்கொண்டது. கிழவர் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பிடிக்கிறார். இவன் ரோட்டைப் பார்ப்பானா, வாத்தைப் பார்ப்பானா? "அண்ணி, வாத்துக்குப் பேரு வெச்சிருக்காரு அண்ணி!" சொல்லச் சொல்ல அவனுக்கே மூச்சு முட்டியது. வெள்ளையம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். நான் சிரித்ததில் முறிந்த கை வலித்தது.

சாப்பிட்டான். மறுசோறு வாங்கிக்கொண்டான். வெற்றிலை போட்டுக்கொண்டு, நாளைக்கு உங்க முறை, பின் டயரில் காத்து குறைவா இருக்கு பாத்துக்குங்க என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் தெருமுனை திரும்பிய பிறகுதான் உறைத்தது. இன்று மீட்டர் எவ்வளவு, கட்டைக் கணக்கு எவ்வளவு என்று அவன் சொல்லவே இல்லை.

நானும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.